டிடிஏ2030 ஆம்ப்: வால்யூமைக் குறைத்தாலும் ஹம், போன் வந்தால் டட்-டட்

கேள்வி:
வணக்கம். டிடிஏ2030 (ஒலி சிக்னலைப் பெருக்கும் ஐசி) இரண்டு போட்ட ஸ்டீரியோ ஆம்ப். 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், பிளஸ், மைனஸ் பக்கத்துக்குத் தலா 4700 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கப்பாசிட்டர். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் ஹம் (மெயின்ஸிலிருந்து வரும் தொடர் இரைச்சல்) நிற்கவில்லை. பக்கத்தில் போன் இருந்தால், அழைப்பு வரும் முன்பே 'டட்-டட்-டட்' கேட்கிறது. ஃபில்டர் கப்பாசிட்டரை 10,000 ஆக்கினால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. கப்பாசிட்டர் பெரிதானால் சார்ஜிங் துடிப்பு (அதை நிரப்ப விட்டுவிட்டுப் பாயும் கரண்ட்) இன்னும் கூர்மையாகும், ஹம் கூடவும் செய்யலாம். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் ஹம்.

போர்டின் இன்புட்டை அதே போர்டின் சிக்னல் கிரவுண்டோடு ஷார்ட் செய்து பாருங்கள். சத்தம் நின்றால் வால்யூம் கண்ட்ரோல், ஷீல்டு வயர் பக்கம் தேடுங்கள். கண்ட்ரோலின் உலோக உடம்பு பெரும்பாலும் கிரவுண்ட் ஆகாமல் இருக்கும். நிற்காவிட்டால் சத்தத்தைக் கவனியுங்கள். கரகரவென்று 'ர்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளை கிரவுண்ட் வயரிங். வழவழவென்று 'ம்ம்ம்' என்றால் 50, டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து உண்டாகும் வளையம்).

கேட்டவர்:
ஷார்ட் செய்தும் நிற்கவில்லை, 'ர்ர்ர்' தான். போர்டு கிரவுண்ட் சென்டர் டேப் (டிரான்ஸ்பார்மரின் நடு வயர், அந்த '0') திருகில் இருக்கிறது. ஸ்பீக்கர் மைனஸ் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் சேரும் இடத்தில்.

பதில் 1:
அதுதான் காரணம். அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வயரில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சார்ஜிங் துடிப்பு பாய்கிறது. 10 மில்லிஓம் வயரில் 5 ஆம்பியர் துடிப்பு வந்தாலே 50 மில்லிவோல்ட், அது நேராக ஸ்பீக்கரில் விழும்.

சென்டர் டேப் வயர் கப்பாசிட்டர் சந்திப்போடு முடியட்டும், வேறெதையும் அந்தத் திருகில் கட்டாதீர்கள். சந்திப்பிலிருந்து 3-4 செ.மீ. தடித்த வயர் இழுத்து, அதன் நுனியில் ஸ்பீக்கர் மைனஸ், பவர் கிரவுண்ட், சிக்னல் கிரவுண்ட் மூன்றையும் தனித்தனி வயராகச் சேருங்கள். டிரான்ஸ்பார்மர் செகண்டரி (அவுட்புட் பக்க) வயர்களை முறுக்கி, இன்புட்டை விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள்.

பதில் 2:
போன் சத்தத்துக்கு வருகிறேன். ஜிஎஸ்எம் (2ஜி) போன் நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். ஐசியின் இன்புட் நிலை டயோடு போல நடந்து அந்தத் துடிப்பைக் கேட்கும் ஒலியாக்கிவிடுகிறது. இன்புட்டில் உள்ள கப்ளிங் கப்பாசிட்டருக்கும் ஐசியின் 1வது (இன்புட்) பின்னுக்கும் நடுவே 1 கிலோஓம், பின்னிலிருந்து சிக்னல் கிரவுண்டுக்கு 220 பிகோஃபாரட் என்பீ0 (வெப்பத்தால் மதிப்பு மாறாத வகை) செராமிக் கப்பாசிட்டர் போடுங்கள். வெட்டுமுனை (எதற்கு மேல் அலைகள் குறையத் தொடங்குமோ அந்த இடம்) 720 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் பாட்டு மங்காது. இரண்டும் பின்னை ஒட்டி இருக்க வேண்டும். கப்பாசிட்டர் கால் 1 செ.மீ. நீண்டாலே 900 மெகாஹெர்ட்ஸில் அது காயில் போல நடக்கும், போட்டும் பலனில்லை.

ஸ்பீக்கர் வயரும் ஆன்டெனாதான். 4வது (அவுட்புட்) பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் தொடராக இருக்கிறதா பாருங்கள். இரைச்சலை அடக்க ஃபீட்பேக் ரெசிஸ்டர் மேல் வெறும் கப்பாசிட்டரைப் போடவே போடாதீர்கள்! அது உயர் அதிர்வெண்ணில் கெயினை (பெருக்கும் அளவை) இறக்கிவிடும், இந்த ஐசிக்கு கெயின் 24 டெசிபலுக்குக் கீழே போகக்கூடாது. போனால் ஆசிலேட் ஆகி (தானாகவே அலையை உண்டாக்கி), சிக்னல் இல்லாமலே சூடேறும்.

கேட்டவர்:
கிரவுண்டை மாற்றியதும் 'ர்ர்ர்' போய்விட்டது, மிக்க நன்றி. காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் மெல்லிய 'ம்ம்ம்'. பவர் கார்டின் எர்த்தைக் கழற்றினால் போகுமா?

பதில் 2:
எர்த்தைத் தொடாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் விட்டால் கேபினெட்டில் மெயின்ஸ் வரும், உயிருக்கே ஆபத்து. இன்புட் கேபிள்களைக் கழற்றிப் பாருங்கள், சத்தம் போனால் எர்த் லூப். அப்போதும் இருந்தால் பவரை அணைத்து டிரான்ஸ்பார்மர் திருகைத் தளர்த்தி, 30 டிகிரி திருப்பி இறுக்கி, மூடியைப் போட்டுவிட்டு ஆன் செய்து கேளுங்கள். சத்தம் மிகக் குறையும் நிலையில் நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள்.