ரப்பர் விளைக்குள் வீடு, கையில் ஒரு போன்: ஆன்லைன் டியூஷன் தொடங்க எதை முதலில் வாங்கணும்?

கணக்கு டீச்சர், குலசேகரம்

பத்தாம் வகுப்புக் கணக்கு, 12 பிள்ளைகள், சாயங்காலம் 6.30 மணிக்கு. ரப்பர் விளைக்குள் வெட்டுகல் வீடு. கேபிள்காரர் போட்ட 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கு. பெட்டி முன்னறையில், வகுப்பு பின்னறையில். 6 ஜிபி ரேம் ஆண்ட்ராய்டு போன் உண்டு, லேப்டாப் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடியும் மழையும்தான், கரண்டும் போயிடும். கணக்கை எழுதிக் காட்டணும். கையில் 5,000 ரூபாய். லேப்டாப் இல்லாமல் முடியுமா?

பதில்: ஃபைபர் விளை

முடியும் டீச்சர். முதல் செலவை கரண்டுக்குப் போடுங்க. ஃபைபர் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர்னு எழுதியிருக்கும். கரண்டு போனாலும் பெட்டியை ஓட்டுற சின்ன பேட்டரிதான் மினி யுபிஎஸ், அதில் வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது. 3.7 வோல்ட், 2,000 எம்ஏஎச் செல் மூணு உள்ள யுபிஎஸ்ஸில் மொத்தம் 22 வாட்-மணி. பெட்டி 7 வாட் எடுத்தால் இழப்பு போக இரண்டரை மணி நேரம் ஓடும். கடையில் "10,000 எம்ஏஎச்"னு சொன்னா மயங்காதீங்க. அது 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட்-மணிதான்.

யுபிஎஸ் இருந்தும் நெட் போகுதுன்னா பெட்டி விளக்கைப் பாருங்க. 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பா மின்னினா ஒளியே வரலைன்னு அர்த்தம். வழியில் ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டருக்குக் கரண்டு வேண்டாம். கேபிள்காரர் வைத்திருக்கும் ஓஎல்டிக்கு, அதாவது இழைக்குள் ஒளியை அனுப்புற கருவிக்கு, வேணும். அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்னு இப்பவே கேட்டு வைங்க.

இடி தொடங்கினதும் யுபிஎஸ் பிளக்கையும் போன் சார்ஜரையும் சுவரிலிருந்து உருவிடுங்க. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, பெட்டி எரியுறது பெரும்பாலும் அடாப்டர் வழியாத்தான். பேட்டரியில் வகுப்பு நடக்கட்டும்.

வெட்டுகல் சுவர் ரெண்டைத் தாண்டினா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தளர்ந்துடும். ரிப்பீட்டர் வாங்காதீங்க, வேகம் இன்னும் குறையும். பெட்டியையே பின்னறைக்கு மாற்றச் சொல்லுங்க. இழையைச் சுவர் மூலையில் கூர்மையா மடக்க விடாதீங்க, வளைவில் ஒளி கசியும்.

மாற்றுக்கு மொபைல் டேட்டா வைக்கிறதா இருந்தா, ரேஞ்சை மழைக்காலத்தில் சோதிக்கணும். ரப்பர் இலை உதிர்ந்து நிக்கிற தை மாசத்தில் நல்லா வரும் ரேஞ்ச், இலை மூடி மழையில் நனையும்போது குறையும்.

பதில்: மேசைக் கேமரா

எழுதிக் காட்ட, பின்பக்கக் கேமராவை மேசையைப் பார்த்துக் கவிழ்த்து வைங்க. கிடைவாக்கில் வைத்த ஏ4 தாளுக்கு 30 முதல் 35 செ.மீ. உயரம் போதும், அதுக்கு மேல போனா எழுத்து சிறுத்துடும். பால் பாயிண்ட் பேனா மங்கலாத்தான் தெரியும். கறுப்பு ஜெல் பேனாவோ மெல்லிய ஸ்கெட்ச் பேனாவோ எடுங்க, எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருக்கணும். பிள்ளைகள் பார்க்கிறதும் போன் திரையில்தானே. வலது கைக்காரர்னா 9 வாட் எல்இடி பல்பை இடதுபக்கம் முன்னால் வைங்க, கை நிழல் எழுத்தில் விழாது. பளபளப்பான தாள் வேண்டாம்.

ஆப்: இலவசத்தில் ஜூம் 40 நிமிஷத்தில் துண்டிச்சிடும், மூணு பேருக்கு மேல் இருந்தாலும் கூகுள் மீட் 60 நிமிஷம் ஓடும். மீட்டில் 50 நிமிஷ வகுப்பு வைங்க. தினமும் புது லிங்க் அனுப்பாதீங்க, யாராவது பழையதில் போய்க் காத்திருப்பாங்க. காலண்டரில் தொடர் வகுப்பா போட்டா ஒரே லிங்க் நிக்கும்.

பிள்ளைகள் கேமராவை அணைக்கட்டும். வகுப்பு வீடியோ விநாடிக்கு 600 கிலோபிட் எடுத்தா மணிக்கு 270 எம்பி; தினசரி 1.5 ஜிபி பேக்கில் அடங்கும்.

கணக்கு டீச்சர், குலசேகரம்

ரொம்ப உதவி. ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தேன், படம் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் போகுது. ஓடு மேல மழை அடிச்சா குரலும் கேக்காதே?

பதில்: மேசைக் கேமரா

போன் நேர்க்கீழே பார்க்கும்போது, எது மேல், எது பக்கம்னு சென்சாருக்குப் பிடிபடாது. முதலில் போனைக் கையில் கிடைவாக்கில் நிமிர்த்திப் பிடிச்சு வகுப்பில் சேருங்க, படம் சரியா வந்ததும் ஆட்டோ ரொட்டேட்டைப் பூட்டிட்டு ஸ்டாண்டில் கவிழுங்க. அப்பவும் திரும்பினா போனை 10, 15 டிகிரி உங்க பக்கம் சாய்ச்சு வைங்க.

பதில்: மைக் சங்கதி

மழைக்கு ஒரே வழி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர்றது. கம்பி காலர் மைக்கை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, சேலை மடிப்பு உரசாத இடத்தில் மாட்டுங்க. வாங்கும்போது போனில் செருகுற பின்னைப் பாருங்க: மூணு கறுப்பு வளையம் இருந்தா போனில் வேலை செய்யும். ரெண்டு வளையம் கேமராவுக்கானது, போன் அதை மைக்காவே எடுத்துக்காது. கம்பி 1.5 மீட்டராவது வேணும், போன் ஸ்டாண்டில் இருக்குமே.

இன்னொண்ணு. வகுப்பு நடுவே கால் வந்தா ஒலி நின்னுடும். ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் இயக்குங்க, வைஃபை காலிங்கையும் அணைங்க; இல்லேன்னா அது வழியா அடிக்கும். பிள்ளைகள் பக்கம் எப்படித் தெரியுதுன்னு பார்க்க வீட்டில் இன்னொரு போனைச் சேர்த்தா, அதில் மைக்கையும் ஒலியையும் முழுசா அணைச்சுடணும், ரெண்டும் ஒரே அறையில் திறந்திருந்தா கீச்சுன்னு கத்தும்.