புதுப்பிப்பு: யூட்டா மணல் பக்கத்து ஊர் மணல் இல்லை

அமெரிக்காவின் யூட்டாவில், சயான் தேசியப் பூங்காவில் நிற்கும் நவஹோ மணற்கல்லை (பழங்காலப் பாலைவன மணல்மேடுகள் இறுகி உண்டான பாறை) பற்றிய என் இழையில், அந்த மணல் அருகிலிருந்த மலைகளிலிருந்து வந்தது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அது பாதிகூடச் சரியில்லை.

புவியியலாளர்கள் வில்லியம் டிக்கின்சன், ஜார்ஜ் கெரல்ஸ் ஆகியோர் சிர்கானை (மணலில் கலந்திருக்கும் ஒரு கடினமான கனிமம்) வைத்துச் செய்த ஆய்வுப்படி, அதில் ஏறத்தாழ பாதி கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சியன் மலைப்பகுதியிலிருந்து வந்தது! சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டின் விகிதமே படிகத்தின் வயதைச் சொல்லும் கடிகாரம். நவஹோ மணலில் 100 கோடி ஆண்டை ஒட்டிய வயதுள்ள சிர்கான் மணிகள் (துகள்கள்) நிறைய. வட அமெரிக்காவின் கிழக்கில் அக்காலத்தில் மலைகள் எழுந்த நிகழ்வான கிரென்வில் மலையாக்கத்தின் கைரேகை அது. கூடவே 50 கோடிக்கும் குறைவான வயதில் அப்பலாச்சிய மணிகளும் உண்டு.

ஆனால் மணற்கல்லின் சாய்வடுக்குகள் (காற்று குவித்த மணல் சாய்வாகப் படிந்த அடுக்குகள்) வடக்கிலிருந்து காற்று வீசியதாகக் காட்டுகின்றனவே? பெரிய ஆறு ஒன்று மணலை மேற்கே கொண்டுபோய்ச் சேர்க்க, அப்புறம் காற்று அதைத் தெற்கே தள்ளியது என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இதுதான் பிடித்த இடம்.

சிர்கானின் வயதுதான் பாறையின் வயதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. படிவு அதிலுள்ள மிக இளைய மணியைவிடப் பழையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். நவஹோ படிந்தது சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன். பழைய மணற்கல் அரிக்கப்பட்டு அதே மணி மறுபடி பயணிப்பதும் உண்டு. அதனால் முதல் பிறப்பிடம் தெரிந்தாலும் வழி முழுதும் தெரிந்துவிடாது.