கையெழுத்து போடாத சம்படம் 'கண்டெடுத்த' கணக்கில் சேருமா?

கருவேலன்:
நேற்று ஒரு பதிவைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே, ரயில் மேட்டை ஒட்டிப் போகிற ஓடைக்கரையில் நான் ஒரு எவர்சில்வர் சம்படம் வைத்திருக்கிறேன். அதை ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்து வைக்கிற டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதும் விளையாட்டு) செயலியில் வைகைக்கரை என்பவர் 'கண்டெடுத்தேன்' என்று பதிந்து, ஒரு படமும் போட்டிருக்கிறார். படத்தில் சம்படம் மூடியபடியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே போய்த் திறந்து பார்த்தேன். நோட்டில் கடைசிப் பெயர் ஆவணி மாதம் எழுதியது. இவர் போனது கார்த்திகையில். ஒரே கேள்விதான் கேட்கிறேன்: கையெழுத்து எங்கே?

வைகைக்கரை:
அண்ணே, நான் அந்த இடத்துக்கே வரவில்லை என்கிறீர்களா? காலை 6 மணிக்கு உசிலம்பட்டியில் டீ குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். முதல்நாள் பெய்த மழையில் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் இறங்கிக் கடந்தேன். கணவாய்ப் பக்கம் பாறை மறைத்து, ஜிபிஎஸ் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித் தள்ளிக் காட்டியது. முக்கால் மணி நேரம் தேடிப் புளியமரத்து வேர்ச் சந்தில் எடுத்தேன். மூடி விளிம்பில் வண்டல் ஏறி, காய்ந்து இறுகிக் கிடந்தது. சாவியால் நெம்பினேன், நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கல்லால் அடித்தால் திறந்திருக்கும். அப்புறம் அடுத்து வருகிறவருக்கு நசுங்கின சம்படம்தானே கிடைக்கும்? அதனால் படம் எடுத்துவிட்டு அப்படியே வைத்தேன்.

கருவேலன்:
நடந்த கதையை யாரும் கேட்கவில்லை. நானும் அதே ஓடையில்தான் இறங்கி வந்தேன். எனக்குத் திறந்த மூடி உங்களுக்கு எப்படித் திறக்கவில்லை? கையெழுத்து எங்கே?

ஜல்லிக்கல்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். இந்த விளையாட்டின் விதி தெளிவாக இருக்கிறது. நோட்டில் பெயர் எழுதின பிறகுதான் இணையத்தில் 'கண்டெடுத்தேன்' என்று போட வேண்டும். நோட்டு ஊறிப்போனாலோ, எழுத இடமில்லாமல் நிறைந்துவிட்டாலோ, வைத்தவர் பார்த்து ஒரு படத்தை ஏற்றுக்கொள்வது நடைமுறை. முதலில் 'கண்டெடுத்தல்' என்றால் கண்ணில் படுவதா, கையில் எடுப்பதா, திறந்து எழுதுவதா என்று பேசி முடியுங்கள். அது முடியாமல் இந்தச் சண்டை தீராது.

கருவேலன்:
அக்கா, அதெல்லாம் அப்புறம் பேசலாம். அவர் கையெழுத்து போட்டாரா, இல்லையா?

மீட்டர்கேஜ்:
கையெழுத்து இருக்கட்டும். கருவேலன் செயலியில் தன் சம்படத்துக்கான பக்கத்தில் '1928 முதல் 2010 வரை இடைவிடாமல் ரயில் ஓடிய பழைய பாதை' என்று எழுதி வைத்திருக்கிறார். அது தப்பு. மதுரை–போடி பாதை 1928-ல் திறந்தது உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மறுபடி ரயில் வந்தது ஐம்பதுகளில்தான். இடையில் பத்து வருஷத்துக்கு மேல் வெறும் மேடு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. அந்த வருஷங்களில் என்ன பாடுபட்டார்கள் என்று தாத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். 'இடைவிடாமல்' என்ற வார்த்தையை எடுங்கள்.

கருவேலன்:
வரலாறு வேறு, இது வேறு. ஒரு வார்த்தைக்காக நான் நடந்து வைத்த சம்படம் பொய்யாகிவிடாது. கையெழுத்து இல்லாத பதிவுதான் பொய்.

மீட்டர்கேஜ்:
அடுத்தவர் பதிவில் ஒரு கையெழுத்து குறைந்தால் பொய். உங்கள் பக்கத்தில் பத்து வருஷம் குறைந்தால் வரலாறா? இன்னொன்று. அது 'பழைய பாதை'யும் இல்லை. 2010 டிசம்பர் 31-ல் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ரயில் நின்றது, சரி. அகலப்பாதையில் 2022-ல் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்துவிட்டது. மதுரையிலிருந்து 90 கிலோமீட்டரும் இன்றைக்கு ஓடும் பாதை. உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது மேட்டின் மேல் ஏறி நடந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அமெரிக்காவில் ஓடும் தண்டவாளத்துக்கு 150 அடிக்குள் டப்பா வைக்கவே விடமாட்டார்கள். நீங்கள் அளந்தீர்களா?

கருவேலன்:
அளந்துதான் வைத்தேன். மேட்டிலிருந்து 80 தப்படி தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். யாரையும் மேட்டில் ஏறச் சொல்லவில்லை, கீழே வண்டித் தடத்தில்தான் நடக்கச் சொல்லியிருக்கிறேன். ரயில் இல்லாத வருஷங்களில் அந்த மேட்டின் மேலேயே நடந்தவன் நான். ஜல்லி குத்திச் செருப்பு இரண்டு தேய்ந்தது. எனக்குப் பாடம் வேண்டாம். வைகைக்கரை பதில் சொல்லட்டும்.

செக்கானூரணி:
ஒரு சந்தேகம். அது ஓடையா, 58 கிராமக் கால்வாயா? எல்லோரும் ஓடை ஓடை என்கிறீர்களே.

கருவேலன்:
ஓடைதான்.

செக்கானூரணி:
கால்வாய் என்றால் சும்மா சொல்லவில்லை. எங்கள் மாமா ஊர் அந்தப் பக்கம். வைகை அணையில் 67 அடி நின்றால்தான் அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர். அதற்காக உசிலம்பட்டியில் எத்தனை முறை கடையடைத்துப் போராடியிருக்கிறோம்! அதைப் போய் ஓடை என்று எழுதினால் வலிக்கிறது.

வைகைக்கரை:
அண்ணே, அது ஓடைதான். கரையில் சிமெண்ட் கிடையாது, நாணல் நிற்கிறது, நடுவில் உருண்டைக் கல். கால்வாய் தொட்டிப்பாலத்தில் வருவது தனி.

செக்கானூரணி:
கரையில் நாணல் நின்றால் கால்வாய் இல்லை என்று ஆகிவிடுமா தம்பி? தூர்வாரி எத்தனை வருஷம் ஆச்சு?

கருவேலன்:
பேச்சை மாற்றாதீர்கள். ஒருவர் பொய்ப் பதிவு போட்டிருக்கிறார், நீங்கள் நாணலைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த விளையாட்டு 2000 மே 3-ம் தேதி அமெரிக்காவின் ஒரிகனில் ஒரு வாளியில் தொடங்கியது. அந்த வாளியில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. எதற்கு? எழுதுவதற்கு! நானும் சம்படத்தில் பென்சிலைச் சீவி, ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பேனா மை ஈரத்தில் கசியும் என்றுதான் பென்சில். மழைக்காலத்தில் வருகிற ஒருத்தரை நினைத்துத்தான் இத்தனையும். அவர் அந்தப் பென்சிலைத் தொடவே இல்லை.

ஜல்லிக்கல்:
அதே வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது தம்பி. இன்றைக்குப் புதைக்கக் கூடாது என்பது விதி. முதல் வாளியைக் காட்டி எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது.

கருவேலன்:
புதைப்பதைப் பற்றி நான் பேசவில்லை அக்கா. பென்சிலைப் பற்றிப் பேசுகிறேன்.

வைகைக்கரை:
இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சமணர் மலை அடிவாரத்தில் டப்பா வைத்தது யார்? தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம் என்று நான் சுட்டிக்காட்டி, அதை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இப்போது என் மேல் காட்டுகிறீர்கள்.

கருவேலன்:
அதை எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் எல்லோர் முன்னாலும் என்னைத் திருடனைப் போலப் பேசினீர்கள். தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அதற்காக இல்லை. இந்த நோட்டில் இதுவரை 19 பேர் எழுதியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற ஒரு கீதாரியின் மகன் தற்செயலாகச் சம்படத்தைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே தன் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு ஆடு வரைந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பையனுக்குத் திறந்த மூடி!

மீட்டர்கேஜ்:
அந்தப் பையன் மேட்டைத் தாண்டித்தானே வந்திருப்பான்? அதைத்தான் நானும் சொல்கிறேன். பக்கத்தைத் திருத்துங்கள்.

வைகைக்கரை:
கையில் எடுத்தேன், படம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. பதிவை எடுக்க மாட்டேன்.

கருவேலன்:
வைத்தவன் என்ற உரிமையில் நான் அதை அழிப்பேன்.

வைகைக்கரை:
அழியுங்கள். மறுபடி போடுவேன்.

செக்கானூரணி:
கால்வாய் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.