சிறிய கார்டு பரிவர்த்தனை நிறுவனத்தின் பட்டியலிடப்படாத பங்குகளை வாங்கலாமா?

கேள்வி – கோவை வாசகர்

வணக்கம். கடைகளுக்கு ஸ்வைப் மெஷின் தந்து, இணையக் கடைகளுக்குப் பேமென்ட் கேட்வே சேவையும் நடத்திவரும் எங்கள் ஊர் நிறுவனம் ஒன்று, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத தன் பங்குகளைத் தெரிந்தவர்கள் சிலருக்கு மட்டும் விற்க முன்வந்துள்ளது. என் மைத்துனர் அங்கே விற்பனைப் பிரிவில் பணிபுரிவதால் எனக்கும் அழைப்பு வந்தது. சென்ற நிதியாண்டில் 400 கோடி ரூபாய்க்குப் பரிவர்த்தனை நடந்ததாக அவர்கள் தந்த குறிப்பேடு கூறுகிறது. ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் 10 லட்சம் ரூபாயை இதில் போடலாமா என்று யோசிக்கிறேன். இத்துறையை அறிந்தவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் – முன்னாள் வங்கி அலுவலர்

ஐயா, அந்த 400 கோடி கடைக்காரர்களின் பணம். நிறுவனம் வழியாகக் கடந்துபோகிறதே தவிர அதன் வருமானம் ஆகாது. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டில் 1,000 ரூபாய் செலுத்தி, கடைக்காரரிடம் 2 சதவீதம் எம்டிஆர் (கார்டு வழியாகப் பணம் பெறுவதற்குக் கடைக்காரர் தரும் கட்டணம்) பிடிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 20 ரூபாயில் பெரும்பகுதி கார்டை வழங்கிய வங்கிக்கு இன்டர்சேஞ்ச் என்ற பங்காகப் போய்விடும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும், கடைக்காரரின் கணக்கை ஏற்ற வங்கிக்கும் உரிய பங்கு போக, இடையில் நிற்கும் சிறிய நிறுவனத்தின் கையில் ஓரிரு ரூபாய் தங்கினால் அதுவே நல்ல ஒப்பந்தம்.

டெபிட் கார்டில் இதுவும் கிடைக்காது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரையுள்ள கடைகளிடம் 0.40 சதவீதத்துக்கு மேலும், மற்றவர்களிடம் 0.90 சதவீதத்துக்கு மேலும் ஸ்வைப் மெஷின் பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ பரிவர்த்தனைக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆரே இல்லை. ஆகவே 400 கோடியில் கிரெடிட் கார்டு எவ்வளவு, ரூபே எவ்வளவு, யுபிஐ எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சராசரியாக 0.2 சதவீதம் மிஞ்சினால்கூட ஆண்டு வருமானம் 80 லட்சம்தான். ஊழியர் சம்பளம், மெஷின் செலவு, பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு தகவல் பாதுகாப்புத் தரத்துக்கான தணிக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பங்கின் விலையை அந்த 80 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் – பட்டயக் கணக்காளர், மதுரை

மேலே கூறியது முற்றிலும் சரி. நான் முதலில் உரிமத்தைப் பார்ப்பேன். கடைக்காரர்களுக்கு உரிய பணத்தைத் தன் வழியாகப் பெற்றுப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனத்தைப் பேமென்ட் அக்ரிகேட்டர் என்றும், பணத்தைத் தொடாமல் தொழில்நுட்ப வசதியை மட்டும் தருவதைக் கேட்வே என்றும் ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வகைப்படுத்தியது. வங்கியல்லாத அக்ரிகேட்டருக்கு விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் மூன்றாம் நிதியாண்டின் முடிவில் அது 25 கோடியாக உயர வேண்டும். கடைக்காரர்களின் பணத்தை, நிறுவனம் தன் செலவுக்கு எடுக்க முடியாத எஸ்க்ரோ என்ற வங்கிக் கணக்கில் தனியே வைக்க வேண்டும். கடைகளில் நேரடியாக நடக்கும் பரிவர்த்தனைகளைத் திரட்டுவோரையும் 2025 செப்டம்பரில் வெளியான நெறிமுறைகள் இந்த வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன.

80 லட்சம் வருமானம் உள்ள நிறுவனம் 15 கோடி நிகர மதிப்பை எங்கிருந்து காட்டும்? அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே உள்ளது. அதில் பெயர் இல்லையென்றால், எந்த வங்கியின் சார்பில், என்ன ஒப்பந்தத்தில் இயங்குகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கோவை வாசகர்

இருவருக்கும் நன்றி. விசாரித்தேன். பட்டியலில் பெயர் இல்லை. ஒரு வங்கியின் கூட்டாளியாக மெஷின்களை வாடகைக்குத் தந்து, கமிஷன் பெறுகிறார்களாம். வாடகை மாதந்தோறும் வருவதால் அபாயம் குறைவு என்கிறார் மைத்துனர்.

பதில் – முன்னாள் வங்கி அலுவலர்

வாடகை நிலையான வருமானம் என்பது உண்மையே. ஆனால் அந்த வங்கி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் மெஷின்கள் அத்தனையும் முடங்கும். எத்தனை நாள் முன்னறிவிப்பில் வங்கி விலகலாம் என்ற ஷரத்தையும், சார்ஜ்பேக் (வாடிக்கையாளரின் புகாரால் பணத்தைத் திருப்பித் தருவது) இழப்பை யார் ஏற்பது என்ற ஷரத்தையும் கட்டாயம் படியுங்கள். பொருளோ சேவையோ கிடைக்காத வாடிக்கையாளர் தம் வங்கியிடம் முறையிட்டால், பணம் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பெறப்படும். கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், அவரைச் சேர்த்துவிட்டவர் தலையில் அது விழும். பயண முகவர்கள், முன்பணம் வாங்கும் பயிற்சி மையங்கள் போன்றவை அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் மிகுதியாக இருந்தால், பல மாத வருமானத்தை ஒரே முகவர் அழித்துவிட முடியும்.

பதில் – சிறுமுதலீட்டாளர், திருச்சி

கணக்குப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கு ஜெர்மனியின் வயர்கார்டு இருக்கிறது. 2018-இல் அந்நாட்டின் முன்னணிப் பங்குக் குறியீட்டிலேயே இடம்பெற்ற நிறுவனம் அது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் காட்டப்பட்ட 190 கோடி யூரோ அங்கே இல்லை என்று 2020 ஜூனில் வெளிப்பட்டதும், சில நாட்களில் திவால் மனு தாக்கல் செய்தது.

பதில் – பட்டயக் கணக்காளர், மதுரை

இன்னொன்று. இது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி நடக்கும் தனியார் பங்கு ஒதுக்கீடாக இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது, உங்கள் பெயரிட்ட பிஏஎஸ்-4 என்ற பங்கு ஒதுக்கீட்டு அழைப்புக் கடிதமும் தர வேண்டும். விற்பனைக் குறிப்பேடு அதற்கு ஈடாகாது. தாக்கல் செய்த இருப்புநிலைக் குறிப்பை நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்த்துவிடலாம். பின்னாளில் உங்கள் பங்கை யார் வாங்குவார்கள் என்பதையும் கேளுங்கள். ‘நிறுவனமே திரும்ப வாங்கும்’ என்று வாய்மொழியாகச் சொன்னால், பங்குதாரர் ஒப்பந்தத்தில் அதை விலை நிர்ணய முறையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் ஓய்வூதியப் பணத்தை இதில் போடாதீர்கள்.

கோவை வாசகர்

பிஏஎஸ்-4 கடிதம் எனக்கு வரவில்லை. வங்கி ஒப்பந்தத்தின் நகலையும் கார்டு வகைவாரியான வருமானக் கணக்கையும் கேட்டு இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அவை வரும்வரை பணம் தருவதாக இல்லை என்று மைத்துனரிடமும் கூறிவிட்டேன்.