1893 எஸ் வெள்ளி டாலர் அசல்தானா? பெட்டி முழுவதையும் ஒரே விலைக்குக் கேட்கிறார் கடைக்காரர்

கொலம்பஸ்வாசி

வணக்கம். ஒகையோவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் சென்ற ஆண்டு காலமானார். அவர் சேர்த்து வைத்த வெள்ளி டாலர்கள் ஒரு சுருட்டுப் பெட்டி நிறைய இருக்கின்றன. அந்த அம்மா விற்றுவிட நினைக்கிறார். உள்ளூர் நாணயக் கடைக்காரர் ஒருவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, எந்தக் காசானாலும் காசுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொன்னார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரும்பாலானவை 1921ஆம் ஆண்டு மோர்கன் டாலர்கள், அதாவது மோர்கன் என்பவர் வடிவமைத்த அமெரிக்க வெள்ளி டாலர்கள். அவற்றில் ஒன்றில் டென்வர் நாணயச்சாலையைக் குறிக்கும் டி எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாக இருக்கிறது; போலியோ என்று ஐயம். 1893ஆம் ஆண்டுக் காசு ஒன்று, பின்புறம் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் குறிக்கும் எஸ் எழுத்துடன். நகைத் தராசில் 26.58 கிராம். 1884 சிசி (கார்சன் சிட்டி) ஒன்று, கறுப்புப் பின்னணி கொண்ட கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் இருக்கிறது. கடைசியாக, 1877ஆம் ஆண்டு 'டிரேடு டாலர்' ஒன்று. மேலே சீன எழுத்து முத்திரைகள், எடை 24.1 கிராம்.

பேழையை உடைத்து அந்த சிசி காசையும் எடை போடலாமா? கறுத்துப்போன காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தால் என்ன என்று என் மனைவி கேட்கிறார்.

பழங்காசுப் பித்தன்

தம்பி, முதலில் புளியைச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. பழைய நாணயத்துக்கு அது எமன். தேய்த்த காசைச் சேகரிப்பாளன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். தேயாத அசல் மோர்கனைச் சாய்த்துப் பிடித்தால் ஒளி அதன் மேல் வட்டமாகச் சுழலும். தேய்த்ததில் மெல்லிய கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும், ஒளி செத்துக் கிடக்கும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

பேழையையும் உடைக்காதீர்கள்! அதில் 'கார்சன் சிட்டி' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த டாலர்கள் கருவூலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 1972 தொடங்கி அமெரிக்க அரசே அவற்றைப் பேழையில் வைத்துப் பொதுமக்களுக்கு விற்றது. 1884 சிசி மொத்தம் அடித்தது 11,36,000. அதில் 9,62,638 இப்படி விற்பனைக்கு வந்தவை. அதனால் அரிய காசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க ஆள் எப்போதும் உண்டு. வெள்ளி விலையைப் போலச் சில மடங்கு கிடைக்கும். பேழையோடு இருப்பதற்கென்று தனி மதிப்பும் இருக்கிறது. கூடவே அட்டைப்பெட்டியோ சான்றுத் துண்டோ இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். இதையும் சேர்த்து ஒரே விலை சொன்னவர் விவரம் தெரியாதவரா, விவரமானவரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டென்வர் எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1921 மோர்கனில் டென்வர், சான் பிரான்சிஸ்கோ இரண்டின் குறியும் பொடியாகத்தான் இருக்கும். மோர்கன் டாலர் 1904இல் நின்றுபோய், அச்சுகளும் அழிக்கப்பட்டுவிட்டன. 1921இல் மீண்டும் தொடங்கியபோது எல்லாம் புதிதாகச் செய்தார்கள். உருவமும் பழையதைவிடத் தட்டை. பிலடெல்பியாவில் மட்டும் அந்த ஆண்டு 4,46,90,000 அடித்தார்கள். மோர்கன்களிலேயே மலிவானது அதுதான்.

ஏன் அத்தனை என்றால், அதில் நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1918இன் பிட்மன் சட்டப்படி அமெரிக்கா 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் மிகப் பெரும்பகுதியை பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பியது. இங்கே காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் முண்டியடித்த காலம். உருக்கியதை ஈடுகட்ட மறுபடி அடித்ததன் தொடக்கம்தான் உங்கள் பெட்டியில் இருக்கும் 1921.

தராசுமுள்

டிரேடு டாலரின் கழுகுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். '420 கிரெயின், 900 ஃபைன்' என்று எழுதியிருக்கும்; 900 ஃபைன் என்றால் ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. 420 கிரெயின் என்றால் 27.2 கிராம். காசு தன் எடையைத் தானே எழுதி வைத்திருக்கிறது, உங்கள் தராசு 24.1 என்கிறது. மூன்று கிராம் தேய்ந்த காசில் எழுத்துகூட மிஞ்சியிருக்காது. போலி.

பினாங்கு மணி

அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே! சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து நல்லது என்று கண்ட பிறகுதான் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். அந்தக் காசே ஆசிய வணிகத்துக்காக அமெரிக்கா அடித்தது. முத்திரை இருப்பது அசல் என்பதற்குச் சான்று அல்லவா?

தராசுமுள்

மணி அண்ணா, வரலாறு நீங்கள் சொன்னதுதான். ஆனால் முத்திரையைப் பார்த்தால் நம்புவார்கள் என்பது போலி செய்பவனுக்கும் தெரியும். அவன் முத்திரையோடு சேர்த்தே வார்த்துவிடுகிறான். உண்மையில் உளியால் குத்திய முத்திரை என்றால் அடிபட்ட இடத்துக்கு நேர் பின்புறம் பெரும்பாலும் சற்றுத் தட்டையாகியிருக்கும். முத்திரையின் ஓரத்தில் உலோகம் பிதுங்கியும் இருக்கும். கொலம்பஸ்வாசி, பின்புறத்தை ஒருமுறை பாருங்கள்.

1893க்கு ஒரு சோதனை. தராசில் ஒரு குவளை நீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் முங்குமாறு பிடியுங்கள். 90 விழுக்காடு வெள்ளி என்றால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்டும். பிறகு மென்மையான துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

கொலம்பஸ்வாசி

டிரேடு டாலரின் பின்புறத்தில் ஒரு தடயமும் இல்லை. முத்திரையின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கி இருக்கின்றன.

1893 நீரில் 2.57 காட்டியது. அப்படியென்றால் அசல்தானே? இணையத்தில் இந்தக் காசின் விலையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பழங்காசுப் பித்தன்

திறக்காதது நல்லது. நீங்கள் நிரூபித்திருப்பது அது வெள்ளி என்பதை மட்டும்தான். மோர்கனின் சரியான எடை 26.73; புழங்கித் தேய்ந்ததற்கு 26.58 பொருத்தமே. ஆனால் அந்த எஸ் என்ற எழுத்தின் எடை என்ன? எந்தத் தராசும் அதைச் சொல்லாது.

சான் பிரான்சிஸ்கோவில் 1893இல் அடித்தது 1,00,000 மட்டுமே. புழக்கத்துக்காக அடித்த மோர்கன்களில் மிகக் குறைந்த எண்ணிக்கை இது. அதனால்தான் ஏமாற்றுபவர்கள் அசல் மோர்கனையே எடுத்துத் திருத்துகிறார்கள். எஸ் இல்லாத பிலடெல்பியாவின் 1893 காசில் எஸ் ஒட்டுவது ஒரு வழி. 1898 எஸ் காசில் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவது இன்னொரு வழி. இரண்டிலும் எடை சரியாக இருக்கும், நீர்ச் சோதனையும் தேறிவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். 1893 எஸ் எல்லாவற்றுக்கும் முகப்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான். ஆகவே அந்த அச்சின் தழும்பு எல்லா அசலிலும் இருந்தாக வேண்டும். பெண்ணின் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். ஆறாவது எழுத்தின் தலையில் மெல்லிய மேடான கோடு ஒன்று சாய்வாக ஓடும். ஐந்தாவது எழுத்தின் இடது காலிலும் சிறு புடைப்பு உண்டு. ஆண்டின் எண்கள் வலப்பக்கம் போகப் போகக் கொஞ்சம் மேலேறும்.

பிறகு பின்புறம், இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழே அந்த எஸ். காசைச் சாய்த்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். அசல் எழுத்து தரையிலிருந்து எழுந்தது போலத் தெரியும். ஒட்டியது என்றால் அடியைச் சுற்றி இழை போன்ற பிளவோ, வேறு நிறமோ, ஆயுதக் கீறலோ காணப்படும்.

நியூஜெர்சி நாச்சியார்

லென்ஸ் எல்லாம் எதற்கு? பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்று முதல் எழுபது வரையிலான அளவில் தரம் போட்டு, முத்திரையிட்ட பேழையில் வைத்துத் தருவார்கள். அசல் இல்லையென்றாலும் தெரிந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு இன்னொன்று சொல்லுங்கள். வாரிசாக வந்த பொருளுக்கு, முன்னவர் இறந்த நாளின் மதிப்புதான் வருமான வரிக்கணக்கில் அடக்க விலை. அந்த நாளின் வெள்ளி விலையைக் குறித்து வைக்கட்டும். விற்பதற்கு முன் கணக்காளரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

பழங்காசுப் பித்தன்

அக்கா, வரி விஷயத்தில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அனுப்பும் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் அந்த அம்மாவின் கையிலிருந்து போகும் பணம். லென்ஸில் தேறினால் கட்டாயம் அனுப்ப வேண்டும். சான்று இல்லாத 1893 எஸ் காசை யாரும் முழு விலைக்குத் தொடமாட்டார்கள். தேறாவிட்டால் எதற்கு வீண் செலவு?

கொலம்பஸ்வாசி

லென்ஸில் பார்த்துவிட்டேன். ஆறாவது எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, தேய்மானம் இல்லை, கோடு இல்லை. எண்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றன. எஸ் எழுத்தின் இடது ஓரத்தில் ஓர் இழை போல இருண்ட கோடு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறம். எனக்கே புரிந்துவிட்டது. அந்த அம்மாவிடம் சொன்னேன். தம் கணவர் அதற்காக ஒரு பழைய துப்பாக்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

சரி, இனி எப்படி விற்பது? ஒரு காசின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியபோது பச்சையாக ஏதோ பிசுபிசுத்தது. அதையாவது துடைக்கலாமா?

பழங்காசுப் பித்தன்

அந்த மகானுபாவன் கெடுத்தது பிலடெல்பியாவின் 1893. அதுவும் 3,78,000 மட்டுமே அடித்த காசு. எஸ் ஒட்டாமல் விட்டிருந்தால் இன்று நல்ல விலை போகும். இனி அது பெரும்பாலும் வெள்ளி விலைக்குத்தான்.

1921களுக்குக் கணக்கு எளிது. ஒவ்வொன்றிலும் 0.7734 டிராய் அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது. அவுன்ஸ் 30 டாலர் என்றால் வெள்ளி மட்டுமே 23.20 டாலர். அன்றைய விலையால் பெருக்கிக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு கடைகளில் கேளுங்கள். அதற்குக் கீழே எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதில்தான் பேரம். சிசி காசை மற்ற காசுகளோடு சேர்த்துக் கடையில் காட்ட வேண்டாம். பேழையோடு தனியாக ஏலத்துக்குக் கொடுங்கள்.

தராசுமுள்

1893ஐ விற்கும்போது 'எஸ் பின்னால் சேர்க்கப்பட்டது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டிரேடு டாலரை விற்கவே வேண்டாம், இலவச இணைப்பாகக்கூட. அமெரிக்காவில் 1973இலிருந்தே நகல் நாணயத்தில் 'காப்பி' என்று பொறித்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

பச்சைப் பிசுக்கு பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறையிலிருந்து கசிந்தது. விட்டால் வெள்ளியை அரிக்கும், ஆகவே இதை மட்டும் எடுத்தாக வேண்டும். கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். வெளியே எடுத்ததும் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாக உலர விடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். மற்ற காசுகளையும் அந்த உறைகளிலிருந்து இன்றே எடுத்து, பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிடுங்கள்.