சத்தப் பொத்தானை அமுக்கினால் அது ஆக்ரோஷமா?

அளவுகோல்: "வன்முறை கேம் பிள்ளைகளை அடிதடிக்கு இழுக்கும், ஆய்வகத்திலேயே நிரூபிச்சாச்சு, இனிப் பேச ஒண்ணுமில்ல" என்று வானம்பாடி எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? கேம் ஆடி முடித்தவரைக் கணினி முன் உட்காரவைத்து, பக்கத்து அறையில் போட்டிக்கு ஆள் இருப்பதாகச் சொல்வார்கள். யாருமே இருக்க மாட்டார்கள். 25 சுற்று. பொத்தானை முதலில் அமுக்குபவர் ஜெயிப்பார், தோற்றவர் காதில் சத்தம் பாயும். எதிராளிக்கு எவ்வளவு வால்யூம், எத்தனை நேரம் என்று முன்கூட்டியே வைக்க வேண்டும். 1 என்றால் 60 டெசிபல், 10 என்றால் 105. எந்தச் சுற்றில் ஜெயம், எதில் தோல்வி என்பது மென்பொருளிலேயே எழுதியிருக்கும். இதுதான் உங்கள் 'அடிதடி'.

வானம்பாடி: ஆள் இருக்கிறார் என்று நம்பித்தானே 10-ஐ அமுக்குகிறார்? அடுத்தவருக்கு வலிக்கட்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நிஜமாகக் குத்தவிட்டுப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது.

அளவுகோல்: போட்டி என்று சொல்லி உட்காரவைத்தால், எதிராளியின் கவனத்தைக் கலைக்கவும் 10-ஐ அமுக்கலாம். கோபமா தந்திரமா என்று பொத்தான் சொல்லாது. அதைவிட மோசம் கணக்கு. ஆக்ரோஷத்துக்கு மதிப்பெண் போட, ஆய்வாளர் ஒருவர் முதல் சுற்றை மட்டும் எடுப்பார். இன்னொருவர் 25-க்கும் சராசரி போடுவார். வேறொருவர் வால்யூமையும் நேரத்தையும் பெருக்குவார். மற்றொருவர் 8-ம் அதற்கு மேலும் எத்தனை தடவை என்று எண்ணுவார். உளவியல் ஆய்வாளர் மால்டே எல்சன் இந்தச் சத்தச் சோதனையைப் பயன்படுத்திய 130 வெளியீடுகளைத் துருவியதில் 157 விதமான கணக்கு சிக்கியது. கட்டுரையைவிடக் கணக்கு அதிகம்! 2000-இல் உளவியலாளர்கள் ஆண்டர்சனும் டில்லும் இதே முறையில் செய்த சோதனையை எல்லாரும் தூக்கிப்பிடிக்கிறார்களே, அதிலும் வித்தியாசம் தெரிந்தது தோற்ற சுற்றுக்குப் பிறகு வைத்த சத்தத்தின் நேரத்தில் மட்டும். வால்யூமில் இல்லை. ஒப்பிட்ட கேம்களோ, ஒன்று பரபரவென்று சுடுவது, மற்றொன்று உட்கார்ந்து புதிர் அவிழ்ப்பது. வேகத்தின் விளைவையும் வன்முறை கணக்கில் எழுதிவிட்டார்கள்.

கற்றாழை: சத்தம் மட்டும் இல்லீங்க. எதிராளிக்குக் காரம் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவருக்குக் காரச் சாஸ் ஊற்றச் சொல்லி, ஊற்றியதை கிராமில் நிறுத்துப் பார்க்கும் முறையும் இருக்கு.

அளவுகோல்: சாஸ் வேறு திரியில். நான் கேட்டது சத்தம்.

நடுநிசி: சரி, சத்தத்தைத் தூக்கிப் போடுங்க. 2018-இல் பிரெஸ்காட் குழு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 9 முதல் 19 வயது, 17,000-க்கும் மேற்பட்டோர். சத்தமே கிடையாது, கைகலப்பும் அடியும்தான். தொடக்கத்திலேயே இருந்த முரட்டுத்தனத்தைக் கழித்த பிறகும் வன்முறை கேமுக்கும் அடிதடிக்கும் தொடர்பு மிஞ்சியது.

அளவுகோல்: எவ்வளவு மிஞ்சியது என்று எழுதக் கை வரவில்லையா? மற்ற காரணிகளையும் சேர்த்துக் கழித்தால் 0.08. வர்க்கம் போடுங்கள், 0.0064. பிள்ளைகளின் முரட்டுத்தன வித்தியாசத்தில் கேமின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

நடுநிசி: அது ரிக்ரெஷன் கெழு, அதாவது மற்ற காரணிகளைக் கழித்த பிறகு ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்ற எண். இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி வர்க்கம் போடுபவரா அடுத்தவருக்குக் கணக்குப் பாடம் எடுப்பது?

வானம்பாடி: அவர் எப்பவும் அப்படித்தான். போன மாசம், ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற திரியில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் ஆறவில்லை. தம்பி, முதலில் கெழுவைப் படிச்சிட்டு வாங்க.

அளவுகோல்: தம்பியா? வயதைக் காட்டி வாதத்தை ஜெயிக்க வேண்டாம். 2019-இல் ஆய்வாளர்கள் ஷிபில்ஸ்கியும் வைன்ஸ்டைனும் என்ன அளக்கப்போகிறோம் என்று முன்பே பதிவு செய்துவிட்டுத்தான் இறங்கினார்கள். பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேர். கேம் வன்முறையா என்பதைப் பிள்ளையின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், கேமின் உள்ளடக்கத்துக்குத் தரப்படும் அதிகாரபூர்வச் சான்றை வைத்துப் பார்த்தார்கள். தொடர்பே இல்லை. முன்பதிவு செய்தால் 157 கணக்குக்கு வழியே கிடையாது.

நடுநிசி: அதில் பிள்ளையின் ஆக்ரோஷத்துக்கு மதிப்பெண் போட்டது வீட்டுப் பெரியவர்கள். பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் நடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குப் பிடித்த ஆய்வு என்றால் அளவுகோலே வேண்டாமோ?

அளவுகோல்: பேச்சை மாற்றாதீர்கள். சத்தப் பொத்தானுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வானம்பாடி: முதல் பதிவிலேயே சொல்லியாச்சு. வலிக்கட்டும் என்று நினைத்து அமுக்கினால் ஆக்ரோஷம்தான்.

அளவுகோல்: நினைத்தார் என்று எந்த எண் சொல்கிறது? முதல் சுற்றா, சராசரியா, பெருக்கலா? 157-இல் எது?