அஞ்சு வயசும் ரெண்டு வயசும்: ஆறு கிலோமீட்டர் மலைப்பாதை சரிப்படுமா?

நிலா அம்மா:
வணக்கம். வர்ற ஞாயிறு குடும்பத்தோட மலை ஏறிட்டு அன்னைக்கே திரும்பலாம்னு இருக்கோம். பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டு. பார்த்து வெச்சிருக்கிற பாதை ஆறு கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். ஒரு சுத்து சுத்தி கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். ஆப்ல ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு. பத்து மணிக்குக் கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிடலாம்னு என் கணக்கு. சின்னவனை அவங்க அப்பா முதுகுல மாட்டுற குழந்தை கேரியர்ல தூக்கிக்குவார். பெரியவ ஓரிடத்துல நிக்காம ஓடுறவ, நடந்துடுவா. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பொடிநடை:
உங்க பொண்ணு நடப்பா, அதுல சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகம் அந்த ரெண்டு மணி நேரத்து மேலயும், அந்தச் சுத்துப்பாதை மேலயும்தான்.

நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892ல ஒரு கணக்கு சொல்லி வெச்சார். இன்னைக்கு அதை இப்படிப் போடுறாங்க: மணிக்கு அஞ்சு கிலோமீட்டர், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். உங்க பாதைக்கு ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா வரும். ஆப் சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அது பெரியவங்க நிக்காம நடக்கிற நேரம். அஞ்சு வயசுப் பிள்ளை எறும்பு வரிசையைக் கண்டா உட்கார்ந்துடும். குச்சி பொறுக்கும், அந்தக் குச்சி கீழ விழுந்தா எடுக்கத் திரும்பி ஓடும். ரெண்டரை மடங்கு போட்டு, சாப்பிடுற நேரத்தையும் சேர்த்துக்குங்க, அஞ்சு மணி நேரம் ஆயிடும். பத்து மணிக்குக் கிளம்பினா உச்சி வெயில்ல ஏறிக்கிட்டு இருப்பீங்க. ஏழரைக்கே கிளம்பிடுங்க.

சுத்துப்பாதை வேண்டாம். பாதி தாண்டிட்டா முன்னாடி போனாலும் பின்னாடி வந்தாலும் மூணு கிலோமீட்டர், குறுக்கு வழி கிடையாது. போன வழியே திரும்புற பாதையா எடுத்தா, முதல் கிலோமீட்டர்லயே மழை இருட்டினாலும் ஒரு கிலோமீட்டர்ல வண்டிக்கு வந்துடலாம். அதுலயும் ஒண்ணு: பிள்ளை சோர்ந்தப்புறம் திரும்பிப் பிரயோஜனமில்லை, வந்த தூரம் மொத்தமும் பாக்கி இருக்கும். குதிச்சுக்கிட்டு இருக்கும்போதே திரும்பணும். எத்தனை மணிக்குத் திரும்புறதுன்னு நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே பேசி வெச்சுக்குங்க. ஒன்பதரைன்னா ஒன்பதரை. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சரி. (உச்சியைத் தொட்டே ஆகணும்கிறது அப்பாக்கள் வியாதி. பிள்ளைக்குக் கல்லெறிய ஒரு ஓடை இருந்தா போதும்.)

இறக்கத்துலதான் அழுகை ஆரம்பிக்கும். பாதம் முன்னாடி சறுக்கி விரல் நுனி ஷூவுல போய் இடிக்கும். முந்தின நாளே கால் நகம் வெட்டிடுங்க. இறங்கப் போறப்ப உட்கார வெச்சு, குதிகாலைத் தரையில ஒரு தட்டு தட்டிப் பின்னாடி தள்ளி, கணுக்கால்கிட்ட லேஸை இறுக்கிக் கட்டுங்க. "கால் வலிக்குது"ன்னு அழுற பிள்ளையோட ஷூவைக் கழட்டிப் பாருங்க, பல நேரம் கட்டைவிரல்தான் சிவந்திருக்கும்.

தோள்சுமை:
கேரியர் பத்தி மட்டும் சொல்றேன். பிள்ளை, தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும்னு அதுல போட்டிருக்கும், பாருங்க. பின்னாடி உட்கார்ற பிள்ளையோட தலை உங்க வீட்டுக்காரர் தலையை விட உயரத்துல இருக்கும். அவர் குனிஞ்சு தப்பிச்ச கிளை பிள்ளை முகத்துல அடிக்கும். ஷூ லேஸ் கட்டவும் இடுப்பை வளைக்கக் கூடாது, முட்டி போடணும். இல்லைன்னா பிள்ளை அவர் தலைக்கு மேல சரிஞ்சு வரும்.

அப்புறம், தூக்குறவருக்கு வேர்த்துக் கொட்டும், அசையாம உட்கார்ந்திருக்கிற பிள்ளை குளிர்ல இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்க. கால் தொங்கிக்கிட்டே இருந்தா மரத்துப் போகும், அடிக்கடி இறக்கி விட்டு நடக்க விடுங்க.

நிலா அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. பக்கத்துலயே ஓடை வரைக்கும் போய்த் திரும்புற பாதை ஒண்ணு இருக்கு, அதையே எடுத்துக்கறோம். ஆனா போன வழியே திரும்பினா பெரியவ "இதைத்தான் பார்த்தாச்சே"ம்பா. முன்னாடி ஓடிடுவாளோன்னும் பயமா இருக்கு.

பொடிநடை:
திரும்பும்போது அவளையே வழிகாட்டியா போடுங்க. "நாம வந்த வழி உனக்குத் தெரியுதா பார்ப்போம்"னா போதும், சலிப்பு வராது.

ஓடட்டும், தடுக்காதீங்க. ஆனா பாதை பிரியுற இடத்துலயும் வளைவுலயும் நின்னு, உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் தாண்டணும். அதை முதல் வளைவுலயே பழக்கிடுங்க. 1981ல கலிஃபோர்னியா மலையில ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன் வழி தவறி, உயிரோட கிடைக்கலை. அதுக்கப்புறம்தான் "தொலைஞ்சா ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்சு அங்கேயே இரு"ன்னு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்ற திட்டம் அங்க ஆரம்பிச்சது. தேடுறவங்களுக்கு நகராத பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது சுலபம். இந்தப் பையன் கதையை அவகிட்ட சொல்ல வேண்டாம், மரத்தை மட்டும் சொல்லுங்க. நடக்கும்போதே "உன் மரம் எது?"ன்னு கேட்டு விளையாட்டாக்கிடலாம்.

கழுத்துல ஒரு விசில். மூணு தடவை ஊதி, நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கணும். அதை மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே கையில குடுத்துடுங்க, ஊதுற ஆசையை வீட்டுலயே தீர்த்துக்கட்டும்.